பைக் ஏர் ஃபில்டர்: மாற்றிவிடும் தாளா, கழுவிப் போடும் பருத்தியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் ஃபில்டர் என்கிற காற்று வடிகட்டியைப் பற்றி வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் நினைக்கிறார்கள். ஒன்று, சர்வீஸ் பில்லில் அதன் விலையைப் பார்க்கும்போது. மற்றொன்று, "ஒருமுறை வாங்கினால் வண்டியின் ஆயுளுக்கும் போதும்" என்ற விளம்பரம் கண்ணில் படும்போது. அலுவலகத்துக்கும் கடைக்கும் வயலுக்கும் தினமும் 100 சிசி முதல் 400 சிசி வரையிலான வண்டிகளை ஓட்டுகிறவர்களை மனத்தில் வைத்தே கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்தனை கவனம் தேவையா?

தேவை என்பதை ஒரு எளிய கணக்கு காட்டிவிடும். பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல் ஏறத்தாழ 14.7 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். ஆகவே அதற்கு ஏறத்தாழ 11 கிலோ காற்று, அதாவது சுமார் 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் வண்டி 10,000 கி.மீ. ஓடும்போது 200 லிட்டர் பெட்ரோலை எரிக்கிறது. அதற்காக 18 லட்சம் லிட்டர், அதாவது 1,800 கன மீட்டர் காற்றை அந்தச் சிறிய வடிகட்டி வழியாக உள்ளே இழுத்திருக்கிறது.

அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இந்தியக் காற்றுத் தர விதிகள் 24 மணி நேரச் சராசரியாக அனுமதிக்கும் நுண்துகள் (பிஎம் 10, அதாவது 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்) அளவு ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அந்த அளவிலேயே காற்று இருந்தால், 10,000 கி.மீ.க்கு வடிகட்டியைச் சேரும் தூசி 0.18 கிராம்தான். ஆனால் அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியின் பின்னாலும், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மண் பாதையிலும், ஆடிக் காற்றில் மண் பறக்கும் ஊர்களிலும், சாலை விரிவாக்கப் பணி நடக்கும் எந்த நெடுஞ்சாலையிலும் தூசியின் அளவு இதைப்போல் பல மடங்கு ஆகிவிடுகிறது. மேலும் நம் மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள், கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் 7 என்ற இடத்தில் இருப்பது. சாதாரண எஃகைக் காட்டிலும் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிமன்தான். அந்தத் தடிமனை ஒத்த அளவுள்ள, கண்ணுக்கே தெரியாத துகள்கள் அங்கே புகுந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன. பின்னர் அவையே எஞ்சின் ஆயிலில் கலந்து பேரிங்குகளுக்கும் போய்ச் சேர்கின்றன. வண்டி 40,000 கி.மீ.யிலேயே புகை தள்ளத் தொடங்கினால் ஆயிலைக் குறை சொல்லும் நாம், வடிகட்டியை ஒருபோதும் திறந்து பார்த்திருக்க மாட்டோம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: நான் எதை வாங்க வேண்டும்?

தினமும் தார்ச் சாலையில் ஓடும், எந்த மாற்றமும் செய்யப்படாத வண்டி என்றால், வண்டி நிறுவனம் தரும் தாள் வடிகட்டியையே வாங்கி, கையேடு சொல்லும் தூரத்தில் தவறாமல் மாற்றிவிடுங்கள். இதுவே என் உறுதியான கருத்து. உங்கள் வண்டியின் மூல வடிகட்டி விலை மிகுந்ததாகவோ எளிதில் கிடைக்காததாகவோ இருந்து, கழுவி, முழுவதும் உலர்த்தி, அளவாக எண்ணெய் இடும் வேலையை நீங்களே பொறுமையுடன் செய்வீர்கள் என்றால், நல்ல நிறுவனத்தின் பருத்தி வடிகட்டி பொருத்தமானது. மண் பாதையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்களுக்கு எண்ணெய் தோய்த்த ஃபோம் வடிகட்டியைவிடச் சிறந்தது வேறில்லை. மற்றபடி வடிகட்டியின் வகையைக் காட்டிலும், அதைப் பராமரிக்கப் போகிறவர் யார் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

கடைகளில் கிடைக்கும் வகைகள் எவை?

மாற்றிவிடும் வகையில் இரண்டு தாள்கள் உள்ளன. ஒன்று உலர் தாள். விசிறி போல மடிப்பு மடிப்பாக மடிக்கப்பட்ட வெளிர் நிறத் தாள், ரப்பர் அல்லது பிளாஸ்டிக் சட்டத்தில் பதிக்கப்பட்டிருக்கும். மற்றது விஸ்கஸ் பேப்பர் எனப்படும் எண்ணெயூட்டிய தாள். ஹோண்டா ஆக்டிவா போன்ற வண்டிகளில் வருவது. தயாரிக்கும்போதே தாளில் ஒருவித எண்ணெய் ஏற்றப்படுவதால், துகள்கள் தாளின் மேற்பரப்பில் மட்டுமல்லாமல் அதன் தடிமன் முழுவதிலும் ஒட்டிக்கொள்கின்றன. இதைக் கழுவவும் கூடாது, காற்றடித்துச் சுத்தம் செய்யவும் கூடாது. காலம் முடிந்தால் மாற்றுவது ஒன்றே வழி.

கழுவிப் பயன்படுத்தும் வகையில் ஃபோமும் பருத்தியும் முக்கியமானவை. ஃபோம் என்பது பாலியூரித்தேன் கடற்பஞ்சு. பழைய வண்டிகள் பலவற்றில் நிறுவனமே இதைத்தான் பொருத்தித் தந்தது. பருத்தி வடிகட்டியில் இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே பல அடுக்குப் பருத்தித் துணி மடிக்கப்பட்டு, சிவப்பு அல்லது நீல நிற எண்ணெய் ஊட்டப்பட்டிருக்கும். 1969இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் இவ்வகையைப் பரவலாக்கியது. இத்தாலியின் பிஎம்சியும் இதே முறையில் தயாரிக்கிறது. எண்ணெயே தேவைப்படாத பாலியெஸ்டர் வலை வடிகட்டிகளும் உண்டு. நம் ஊர்ச் சிறிய வண்டிகளுக்கு அவை அரிதாகவே கிடைப்பதால் இங்கே விரிவாகப் பேசவில்லை.

என் வண்டியில் இருப்பது எந்த வகை என்று எப்படி அறிவது?

உரிமையாளர் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். "சுத்தம் செய்க" என்று ஒரு தூரமும் "மாற்றுக" என்று வேறொரு தூரமும் இருந்தால் அது பெரும்பாலும் உலர் தாள் அல்லது ஃபோம். "மாற்றுக" என்று மட்டும் இருந்தால் எண்ணெயூட்டிய தாளாக இருக்க வாய்ப்பு மிகுதி. கையேடு தொலைந்திருந்தால் வடிகட்டியைக் கழற்றி மடிப்பை விரலால் தொட்டுப் பாருங்கள். புதிய நிலையிலேயே லேசான பிசுபிசுப்பு இருந்தால் அது எண்ணெயூட்டிய தாள்.

தூசியைத் தடுப்பதில் எது சிறந்தது?

நல்ல தாள் வடிகட்டியே பொதுவாக முன்னிலையில் இருக்கிறது. வடிகட்டிகளைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற பன்னாட்டு முறை உள்ளது. அளவிட்ட சோதனைத் தூசியைக் காற்றுடன் செலுத்தி, எவ்வளவு தடுக்கப்பட்டது, எவ்வளவு கடந்துபோனது, காற்றோட்டத்துக்கு எவ்வளவு தடை ஏற்பட்டது என்று அளப்பார்கள். இதில் தரமான தாள் வடிகட்டிகள் 99 சதவீதத்துக்கு மேல் தடுப்பது வழக்கம். பருத்தி வடிகட்டிகளின் தயாரிப்பாளர்களே 97 முதல் 99 சதவீதம் வரை என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு தவறு நேர்வதுண்டு. 99.5க்கும் 98க்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றரைதானே என்று தோன்றும். எஞ்சினுக்கு முக்கியம் தடுக்கப்பட்ட தூசி அல்ல. உள்ளே வந்த தூசி. முதலாவதில் நூற்றுக்கு அரைப் பங்கு வருகிறது, இரண்டாவதில் 2 பங்கு வருகிறது. அதாவது நான்கு மடங்கு. நகரத்துத் தார்ச் சாலையில் மொத்தத் தூசியே குறைவு என்பதால் அந்த நான்கு மடங்கு பெரிய சேதம் செய்யாமல் போகலாம். கல் குவாரிச் சாலையில் தினமும் போகிறவருக்கு அது எஞ்சினின் ஆயுளையே குறைக்கக்கூடியது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. தாள் வடிகட்டி புதிதாக இருக்கும்போதைவிட ஓரளவு ஓடிய பின்னரே மேலும் நன்றாக வடிகட்டுகிறது. ஏற்கெனவே படிந்த தூசிப் படலம் தாளின் பெரிய துளைகளைச் சிறிதாக்கி, அடுத்து வரும் நுண்துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே லேசாக அழுக்கேறிய தாளைக் கண்டு பதற்றப்பட்டு அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்வது, உதவி செய்வதாக நினைத்துத் தீங்கு செய்வதாகும்.

சர்வீஸில் ஒவ்வொரு முறையும் கம்ப்ரஸரில் காற்றடித்து அதே ஃபில்டரை மாட்டிவிடுகிறார்கள். இது சரியா?

என்னை மிகவும் வருத்தும் பழக்கம் இது. உலர் தாளாக இருந்து, கையேடும் அனுமதித்தால், குறைந்த அழுத்தத்தில், தூரத்தில் பிடித்து, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லக் காற்று விடலாம். நடப்பது அப்படி அன்று. டயருக்குக் காற்றடிக்கும் அதே குழாயின் முனையைத் தாளின் மேல் வைத்து, அழுக்கு இருக்கும் பக்கத்திலிருந்தே அடிக்கிறார்கள். இதனால் தூசி தாளுக்குள் மேலும் ஆழமாகச் செருகப்படுகிறது. தாளின் இழைகள் விலகி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுகின்றன. வெளிப் பார்வைக்கு வடிகட்டி வெளுத்துச் சுத்தமாகத் தெரியும். வண்டியும் முன்னைவிட நன்றாக இழுக்கும். ஏனென்றால் காற்று இப்போது தடையின்றிப் போகிறது, தூசியையும் சேர்த்துக்கொண்டு.

எண்ணெயூட்டிய தாளில் இதைச் செய்தால் பாதிப்பு இன்னும் கூடுதல், ஏனென்றால் தூசியைப் பிடித்து வைக்கும் எண்ணெயும் சேர்ந்து பறந்துவிடுகிறது. என் ஸ்கூட்டருக்கு இப்படி மூன்று சர்வீஸ்களில் நடந்திருக்கிறது. பில்லில் ஒவ்வொரு முறையும் "ஏர் ஃபில்டர் கிளீனிங்" என்று தனிக் கட்டணம் போட்டிருந்தார்கள். நான்காவது முறை நானே மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, தாளின் ஒரு மடிப்பு நீளவாக்கில் கிழிந்திருந்தது. பெட்டியின் சுத்தமான பக்கத்தில் விரலால் தடவினால் மெல்லிய மண் ஒட்டியது. அதற்குப் பிறகு, சர்வீஸுக்கு விடும்போதே "ஃபில்டரைத் தொட வேண்டாம், மாற்றும் நாள் வந்தால் மட்டும் மாற்றுங்கள்" என்று வேலைச் சீட்டில் எழுதச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அப்படியே சொல்லலாம், யாரும் மறுப்பதில்லை.

பருத்தி வடிகட்டி போட்டால் பிக்கப்பும் மைலேஜும் கூடுமா?

மாற்றம் செய்யப்படாத வண்டியில், நீங்கள் உணரக்கூடிய அளவுக்குக் கூடாது. இதற்கான காரணம் எளிது. நகரத்தில் ஓட்டும்போது ஆக்சிலரேட்டரைக் கால்வாசி, அரைவாசிதான் திருகுகிறோம். அப்போது காற்றுக்குப் பெரிய தடையாக நிற்பது, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டிலின் தகடுதான். அது பாதி மூடிய கதவு போல நிற்கும்போது, அதற்கு முன்னால் உள்ள வடிகட்டி எவ்வளவு தாராளமாகக் காற்று விட்டாலும் பயன் இல்லை. முழுத் திராட்டிலில், உச்சச் சுழற்சியில் மட்டும் சிறிய வேறுபாடு வரக்கூடும். 150 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது 3,000 முறை காற்றை உறிஞ்சுகிறது. முழுக் கொள்ளளவும் நிரம்புவதாக வைத்தாலும் நிமிடத்துக்கு 450 லிட்டர்தான். நல்ல நிலையில் உள்ள தாள் வடிகட்டி இதைத் தாங்கும் அளவிலேயே வடிவமைக்கப்படுகிறது.

பருத்தி வடிகட்டியை மாற்றியதும் "வண்டி பறக்கிறது" என்று நண்பர்கள் சொல்வது பொய் அன்று. 25,000 கி.மீ. ஓடி அடைத்துப்போன தாளைக் கழற்றிவிட்டுப் புதிய பருத்தியைப் போட்டால் வண்டி நிச்சயம் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் புதிய தாளைப் போட்டிருந்தாலும் அதே சுறுசுறுப்புத் திரும்பியிருக்கும்.

மைலேஜைப் பொறுத்தவரை கார்புரேட்டர் வண்டிக்கும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிக்கும் வேறுபாடு உண்டு. கார்புரேட்டரில் வடிகட்டி அடைத்தால் உறிஞ்சும் விசை கூடி, தேவைக்கு மேல் பெட்ரோல் இழுபடுகிறது. ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், கறுப்புப் புகை வரும், மைலேஜ் குறையும். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதிகளின்படி விற்கப்படும் வண்டிகளிலோ புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் சென்சார் கலவையை ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதால், அடைத்த வடிகட்டி முதலில் மைலேஜில் தெரியாமல், மேட்டில் ஏறும்போதும் முந்தும்போதும் இழுவைக் குறைவாகத்தான் தெரியும்.

பணக் கணக்கில் எது லாபம்?

விலை ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய வண்டியின் தாள் வடிகட்டி 300 ரூபாய், 12,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் கி.மீ.க்கு எட்டு முறை மாற்ற 2,400 ரூபாய் ஆகும். பருத்தி வடிகட்டி 5,000 ரூபாய், கழுவும் திரவமும் எண்ணெயும் அடங்கிய தொகுப்பு 1,500 ரூபாய் என்றால் மொத்தம் 6,500. ஒரு லட்சம் கி.மீ. ஓடியும் போட்ட பணம் திரும்பவில்லை.

மூல வடிகட்டியே 1,500 ரூபாய் ஆகும் பெரிய வண்டிக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிறது. எட்டு மாற்றத்துக்கு 12,000 ரூபாய் ஆகும் என்பதால், ஐந்தாவது மாற்றம் வர வேண்டிய கட்டத்தில், ஏறத்தாழ 60,000 கி.மீ.யில், பருத்தி தன் விலையை மீட்டுவிடும். அவ்வளவு தூரம் அதே வண்டியை நீங்கள் வைத்திருப்பீர்களா என்பதையும் நேர்மையாக யோசித்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் விற்றுவிடும் வழக்கம் உள்ளவருக்கு எந்த வண்டியிலும் இது லாபம் தராது.

பருத்தி வடிகட்டியைக் கழுவும் சரியான முறை என்ன?

இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். இரவு கழுவிக் காலையில் மாட்டிவிடலாம் என்ற அவசரமே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். முதலில் வடிகட்டியை மெல்லத் தட்டி, ஒட்டாத மண்ணை உதிருங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் கழுவும் திரவத்தை இரு பக்கமும் தெளித்து, சுமார் பத்து நிமிடம் ஊற விடுங்கள். அது வடிகட்டியிலேயே காய்ந்துவிடக் கூடாது. அதன்பின் குழாயை மெதுவாகத் திறந்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, அதாவது எஞ்சினை நோக்கியிருக்கும் பக்கத்திலிருந்து வெளியே தண்ணீர் ஓடும்படி அலசுங்கள். மறுபக்கமாக அலசினால் அழுக்கைப் பருத்திக்குள் தள்ளியவர்களாவோம். வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டி கழுவும் அழுத்தமான பீச்சலை இதன் அருகில் கொண்டுபோகவே கூடாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், துணி துவைக்கும் சோப்புத்தூள் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். அவை பருத்தியையும் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பையும் கெடுக்கும்.

அலசியபின் தண்ணீரை உதறி, நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் தானாக உலர விடுங்கள். கம்ப்ரஸர் காற்று, ஹேர் டிரையர், சுடு வெயிலில் தகரத்தின் மேல் வைத்தல் எல்லாம் பருத்தியைச் சுருக்கியோ விலக்கியோ மடிப்புகளில் இடைவெளி உண்டாக்கும். சித்திரை, வைகாசியில் சில மணி நேரத்தில் உலர்வது ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாளுக்கு மேலும் எடுக்கக்கூடும். ஈரம் மிச்சம் இருக்கும்போது எண்ணெய் இட்டால், அந்த இடங்களில் எண்ணெய் ஊறாமல் வெள்ளைத் திட்டுகளாக நின்றுவிடும். அத்திட்டுகள் வழியே தூசி நேராகப் போகும்.

எண்ணெயை ஒவ்வொரு மடிப்பின் நீளத்திலும் ஒருமுறை மட்டும் இட்டு, இருபது நிமிடம் காத்திருங்கள். நிறம் எங்கும் சமமாகப் பரவியிருந்தால் போதும். வெளிறிய இடம் இருந்தால் அங்கு மட்டும் சிறிது சேர்க்கலாம். வடிகட்டிக்கான எண்ணெய்க்குப் பதில் எஞ்சின் ஆயிலையோ தேங்காய் எண்ணெயையோ இடுவது வேண்டாம். வடிகட்டி எண்ணெய் இழைகளில் ஒட்டி நிற்கும் தன்மையுடன் தயாரிக்கப்படுவது. மற்றவை வழிந்து எஞ்சினுக்குள் இழுபடும் அல்லது காய்ந்து பிசினாகும்.

எண்ணெய் அதிகமானால் சென்சார் கெட்டுவிடும் என்கிறார்களே?

இது கார்களிலிருந்து வந்த அச்சம். பல கார்களில் உள்ளே வரும் காற்றின் அளவை ஒரு மெல்லிய சூடான கம்பி அளக்கிறது. அதில் எண்ணெய் படிந்தால் அளவு பிழையாகும். நம் பைக்குகளில் பெரும்பாலானவை காற்றின் அளவை மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தையும் திராட்டில் நிலையையும் கொண்டு கணிக்கின்றன. அந்தக் கம்பியே அவற்றில் இல்லை. அதற்காக எண்ணெயை ஊற்றிக்கொட்டலாம் என்று பொருள் இல்லை. மிகுந்த எண்ணெய் காற்றோட்டத்தைக் குறைக்கும், திராட்டில் பகுதியில் பசையாகப் படியும், ஐட்லிங் ஏறி இறங்கும்.

பழைய வண்டியின் ஃபோம் வடிகட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஃபோம் எண்ணெயோடு இருந்தால்தான் வடிகட்டி. எண்ணெய் இல்லாத ஃபோமின் துளைகள் வழியே நுண்தூசி தாராளமாகப் போகும். கழுவிக் காயவைத்து அப்படியே மாட்டுவதுதான் இதில் மிகப் பொதுவான தவறு. மண்ணெண்ணெயிலோ பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரிலோ கழுவி, துணியைப் பிழிவது போல முறுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பிழிய வேண்டும். பெட்ரோல் ஃபோமின் ஒட்டுகளைக் கரைத்துவிடும், தீ விபத்துக்கும் வழி செய்யும். நன்கு உலர்ந்தபின் ஃபோம் வடிகட்டி எண்ணெயிலோ கையேடு சொல்லும் ஆயிலிலோ நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து மாட்டுங்கள்.

ஃபோமுக்கும் ஆயுள் உண்டு. நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் சில ஆண்டுகளில் அது பிசுபிசுத்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வரும். உதிர்ந்த துணுக்குகள் கார்புரேட்டருக்குள் போய், பெட்ரோல் வரும் சிறு துளைகளான ஜெட்டுகளை அடைக்கும். விரலால் அழுத்தும்போது பழைய வடிவத்துக்குத் திரும்பாத ஃபோமைக் கழுவ வேண்டாம், புதியது வாங்குங்கள். "கழுவிப் பயன்படுத்துவது" என்பதற்கு "என்றென்றும்" என்று பொருள் இல்லை.

மழையிலும் வெள்ளத்திலும் எந்த வகை பாதுகாப்பானது?

சாதாரண மழை எந்த வகையையும் பாதிக்காது. காற்று நுழையும் வாய் பெட்டியின் மறைவான பகுதியில்தான் இருக்கிறது. தேங்கிய நீரில் ஓட்டும்போதுதான் வேறுபாடு தெரியும். உலர் தாள் நனைந்தால் உப்பிப் போய்க் காற்றை அடைத்துவிடும், காய்ந்த பின்னும் வடிவம் திரும்பாது, மாற்றிவிட வேண்டும். பருத்தியும் ஃபோமும் கழுவி உலர்த்தினால் மீண்டும் பயன்படும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் முழங்காலுக்கு மேல் நீர் நின்ற தெருக்களில் அகப்பட்ட வண்டிகளுக்கு வடிகட்டியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. பெட்டிக்குள் நீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் நீர் சிலிண்டருக்குள் இழுபடும். நீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே நீரில் நின்ற வண்டியில் செல்ஃப் பட்டனையோ கிக்கரையோ தொடுவதற்கு முன், வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது?

கையேட்டின் எண்ணே முதல் விதி. பல வண்டிகளில் அது 12,000 முதல் 18,000 கி.மீ. வரை இருக்கும். செங்கல் சூளை, அரிசி ஆலை, நூற்பாலை, குவாரி ஆகியவற்றின் அருகில் தினமும் போகிறவர்கள் அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஆண்டுக்கு 3,000 கி.மீ. மட்டுமே ஓடினாலும், ரப்பர் விளிம்பு இறுகிவிடும் என்பதால் தாளை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைப்பதை நான் விரும்புவதில்லை.

பெட்டியையே எடுத்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் மாட்டலாமா?

அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு வேண்டாம். ஏர் பாக்ஸ் வெறும் உறை அன்று. அதன் கொள்ளளவும் குழாயின் நீளமும், குறைந்த வேகத்தில் இழுவை கிடைக்கும்படி அளவிட்டு அமைக்கப்பட்டவை. அதை நீக்கினால் சத்தம் கூடுவதால் வேகம் கூடியதாகத் தோன்றும். இரண்டாம், மூன்றாம் கியரில் இழுவை குறையும். எஞ்சினின் சூடான காற்றும், பின் டயர் வாரியிறைக்கும் மழைநீரும் நேரே வடிகட்டியை வந்தடையும். கார்புரேட்டரில் ஜெட்டும், இன்ஜெக்ஷனில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மேப்பும் மாற்றாமல் இதைச் செய்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும்.

வாரண்டி போய்விடுமா?

வாரண்டிப் புத்தகத்தில் மூல உதிரிபாகம் தவிர்த்த மாற்றங்களைப் பற்றிய பகுதியைப் படியுங்கள். தூசியால் சிலிண்டர் தேய்ந்ததாக ஒரு கோரிக்கை எழுந்தால், அங்கே வெளி நிறுவன வடிகட்டி இருப்பது உங்களுக்கு எதிராகவே பேசும். வாரண்டிக் காலம் முடியும்வரை மூல வடிகட்டியோடு இருப்பது நல்லது.

கழுவிப் பயன்படுத்துவது சுற்றுச்சூழலுக்கு நல்லதல்லவா?

நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. குப்பை குறைகிறது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் வடிகட்டி எண்ணெயும் அழுக்கும் கலந்த நீர் நம் வாசல் சாக்கடையில்தான் போய்ச் சேர்கிறது. சிறிய வண்டியின் தாள் வடிகட்டி கையளவு பொருள்; ஆண்டுக்கு ஒன்று வீசினாலும் அது சிறிய சுமைதான். தேய்ந்த எஞ்சின் ஆயிலையும் எரித்து விடும் புகையோடு ஒப்பிட்டால், எது எஞ்சினை நெடுநாள் நன்றாக வைத்திருக்கிறதோ அதுவே காற்றுக்கும் நல்லது.

போலியை எப்படித் தவிர்ப்பது, மாட்டும்போது எதைக் கவனிப்பது?

மூல வடிகட்டியின் பெட்டியில் உள்ள பாக எண்ணைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் பழையதையும் கடைக்கு எடுத்துச் சென்று, மடிப்புகளின் எண்ணிக்கையையும் உயரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். போலியில் மடிப்புகள் குறைவாகவும் தாள் மெலிந்தும் இருக்கும். ரப்பர் விளிம்பு கடினமாக, பிசிறோடு இருந்தால் வாங்காதீர்கள். விலை உயர்ந்த வடிகட்டியானாலும் அதன் விளிம்பு பெட்டியோடு ஒட்டி உட்காராவிட்டால், காற்று எளிய வழியான அந்த இடுக்கில்தான் போகும்.

ஆகவே மாட்டுவதற்கு முன் ஈரத்துணியால் பெட்டியின் உட்புறத்தைத் துடைத்து, எஞ்சினுக்குப் போகும் வாயில் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடியில் ஒளி ஊடுருவும் சிறு குழாய் ஒன்று மூடியோடு இருக்கும். அதில் எண்ணெயோ நீரோ தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள். அங்கே ஒவ்வொரு முறையும் ஆயில் நிறையச் சேர்ந்தால், எஞ்சின் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறது அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது; எந்த வடிகட்டியை மாற்றியும் அது தீராது. வடிகட்டியைக் காடியில் முழுவதும் அழுத்தி உட்காரவைத்து, மூடியின் திருகுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஆயிரம் கி.மீ. ஓடியபின் ஒருமுறை திறந்து, சுத்தமான பக்கத்தை வெள்ளைத் துணியால் தடவிப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் விளிம்பை மறுபடி பொருத்துங்கள். ஒட்டாவிட்டால் மூடிவிட்டு, அடுத்த மாற்றம் வரை அதைத் திறக்காதீர்கள்.